பாட்டு முடிந்த பிறகு

வணக்கம்.

நான் ஒரு பக்தர் குழுவில் இருக்கிறேன். எந்த மதம் என்பது முக்கியமில்லை, எல்லா இடத்திலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன். பருவநிலை நீதி கேட்டு ஊர்வலம் போகிறோம், கூட்டுப் பிரார்த்தனை நடத்துகிறோம். போன மாதம் வெள்ளம் புகுந்த ஒரு குடியிருப்புக்குப் போர்வைகள் கொண்டுபோனோம். நாங்கள் பாடி முடித்ததும் ஒரு அம்மா, "பாட்டு நன்றாக இருந்தது. எங்களைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களே, படித்தீர்களா?" என்று கேட்டார். நாங்கள் சாய்ந்து நின்ற சுவரில்தான் அது இருந்தது. ஒருவரும் படிக்கவில்லை. மதக்காரர்களுக்கு இதில் என்ன வேலை, விஞ்ஞானிகளும் அரசாங்கமும் பார்த்துக்கொள்ளட்டும் என்று அன்றிலிருந்து தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த அம்மா உங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். நீங்கள் அதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

காற்றில் கரியமில வாயு எவ்வளவு, கடல் எத்தனை அங்குலம் ஏறும் என்பதை விஞ்ஞானிகள் சொல்லிவிடுவார்கள். யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று சொல்வது அவர்கள் வேலை இல்லை. உலகத்தின் மொத்தப் புகையில் ஏறத்தாழ பாதி, பணக்காரப் பத்து சதவீதத்தினருடையது. தண்ணீர் புகுவது வேறு யார் வீட்டிலோ. போப் பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில் பணக்கார வட நாடுகள் ஏழைத் தென் நாடுகளுக்குப் பட்டிருக்கும் 'சூழலியல் கடன்' பற்றிப் பேசினார். அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய இஸ்லாமிய அறிஞர்களும், வசதியான நாடுகளும் எண்ணெய் எடுக்கும் நாடுகளும்தான் முதலில் புகையை நிறுத்த வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். தமிழில் நமக்கு இன்னும் வசதி: கடன் என்றால் வாங்கியதும் கடன்தான், செய்ய வேண்டியதும் கடன்தான்.

இந்தச் சொல்லுக்குத்தான் அரசாங்கங்கள் பயப்படுகின்றன. அதே 2015 டிசம்பரில், பாரிஸ் பருவநிலை மாநாட்டில், இழப்பு–சேதம் (பருவநிலை மாற்றத்தால் நாடுகள் இழப்பது) பற்றிய பிரிவை ஏற்றுக்கொண்ட கையோடு, இதை வைத்து யாரும் பொறுப்போ நஷ்ட ஈடோ கோர முடியாது என்றும் தீர்மானத்தில் எழுதிச் சேர்த்தார்கள். தருகிறோம், ஆனால் கடன் என்று மட்டும் சொல்லாதீர்கள். போர்வை கொடுக்கும்போது நம் மனதிலும் இதே கணக்கு ஓடுகிறதா என்று கொஞ்சம் பார்த்துக்கொள்வது நல்லது.

உடன் நிற்பது என்றால் எனக்கு யெப் சான்யோதான் நினைவுக்கு வருவார். 2013 நவம்பரில் ஹையான் புயல் பிலிப்பைன்ஸில் 6,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்த சில நாட்களில் வார்சா பருவநிலை மாநாட்டில் அந்த நாட்டின் பிரதிநிதியாகப் பேச எழுந்த சான்யோ, மாநாடு உருப்படியாக ஏதாவது முடிவெடுக்கும்வரை சாப்பிடமாட்டேன் என்றார். ஊரில் அவருடைய சகோதரர் தன் கையாலேயே பிணங்களை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், சாப்பாடு இல்லாமல். அவன் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். விரதம் எல்லா மதத்துக்கும் தெரிந்த பழைய கருவி. பல மதத்தவரும் அவரோடு சேர்ந்து விரதம் இருந்தார்கள். இழப்பு–சேதத்துக்கென்று தனி நிதி அமைக்க 2022இல்தான் ஒப்புக்கொண்டார்கள். அவருடைய பட்டினிக்கும் அந்த நிதிக்கும் நேர்க்கோடு இழுக்க நான் துணியமாட்டேன்.

இன்னொன்று. அமெரிக்காவில் ஸ்டாண்டிங் ராக் பழங்குடியினரின் குடிநீருக்கு ஆதாரமான ஆற்றின் அடியில் எண்ணெய்க் குழாய் பதிக்க வந்தார்கள். முதலில் பிஸ்மார்க் நகரத்துக்கு வடக்கே ஒரு பாதையையும் பரிசீலித்திருந்தார்கள். அது கைவிடப்பட்டதற்கு ஒரு காரணம், நகரத்தின் குடிநீர்க் கிணறுகள் பக்கத்தில் இருந்தன! 2016 நவம்பர் 3 அன்று 500க்கும் மேற்பட்ட மதகுருமார்கள் அங்கே போனார்கள். அன்று நடந்த ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும். கிறிஸ்தவர் அல்லாதவர்களின் நிலத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று 15ஆம் நூற்றாண்டில் போப்புகள் கொடுத்த ஆணைகளைத் தாங்கள் கைவிடுவதாக வந்தவர்கள் சொன்னார்கள். ஆணையின் நகலைப் பழங்குடி மூத்தவர்களிடம் கொடுத்தார்கள், அது எரிக்கப்பட்டது. ஆறுதல் சொல்லப் போன இடத்தில் முதலில் தங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். வத்திக்கான் அந்தக் கோட்பாட்டை நிராகரிக்க 2023 ஆகிவிட்டது. குழாயில் எண்ணெய் 2017இலேயே ஓட ஆரம்பித்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

காணிக்கைப் பணம் எந்தக் கம்பெனிப் பங்கில் கிடக்கிறது என்று உங்கள் குழுவில் யாராவது கேட்டதுண்டா? உலகத் திருச்சபைகள் மன்றம் 2014இல் நிலக்கரி, எண்ணெய் முதலீடு வேண்டாம் என்று முடிவெடுத்தது. கேட்டுப் பாருங்கள், ஊர்வலத்தைவிடச் சூடாக இருக்கும். அப்புறம், வெள்ளத்தைக் கடவுளின் சோதனை என்று யாராவது பிரசங்கம் செய்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். நோட்டீஸ் ஒட்டியது கடவுள் இல்லை.

பாடுவதை நிறுத்தச் சொல்லமாட்டேன். நன்றாக இருந்தது என்று அந்த அம்மாவே சொல்லியிருக்கிறார்.

சரி, அந்த நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது? உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஆட்சேபணை தெரிவிக்கக் கடைசித் தேதி ஏதாவது போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.