அப்போ 14 கிலோ, இப்போ 3 கிலோ: பேலியோ என்னைக் கைவிட்டுவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 48. குடியாத்தத்தில் வீட்டு முன்கட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். 2018ல் பேலியோ (சோறு, இட்லி மாதிரி மாவுச்சத்தை விட்டு முட்டை, இறைச்சி, காய், பாதாம் என்று சாப்பிடும் முறை) இருந்து ஏழு மாதத்தில் 84 கிலோவிலிருந்து 70க்கு வந்தேன். முதல் வாரமே 3 கிலோ குறைந்தது. அந்த வருஷக் கார்த்திகையில் சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படியையும் எங்கேயும் உட்காராமல் ஏறினேன். லாக்டவுனில் எல்லாம் விட்டுப்போச்சு. இப்போது 86 கிலோ. போன கார்த்திகைக்கு ரோப் காரில்தான் போனேன். மூன்று வருஷமாகக் காலையில் சுகர் மாத்திரை (கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது), பி.பி. மாத்திரை. பேலியோவை இரண்டு தடவை திரும்ப ஆரம்பித்துப் பார்த்தேன். ஒரு தடவை மாதக் கடைசியில் 3 கிலோ, அதோடு முள் நகரவில்லை. அடுத்த தடவை நாலாம் நாளே காலை 11 மணிக்குக் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. மாவு குறைத்தால் வருகிற சோர்வுதானே என்று உப்புத் தண்ணீர் குடித்தேன், கேட்கவில்லை. இரண்டு பிஸ்கட் தின்றதும் சரியாகிவிட்டது. ஒரு டயட் ஒரு தடவைதான் வேலை செய்யும் என்கிறார் என் நாத்தனார். நிஜமா? (பி.கு.: தை மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஆற்காடு மக்கன் பேடா சொல்லியிருக்கிறோம். நான் தொடலாமா?)
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்:

அன்புச் சகோதரி,

நாத்தனார் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். எனக்கு முதலில் அந்த 11 மணி நடுக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

அது உடம்பு பேலியோவை ஏற்க மறுத்தது அல்ல. பெரும்பாலும் சுகர் தாழ்ந்துபோனதுதான். கிளிமிபிரைடு மாத்திரை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். நீங்கள் இட்லி சாப்பிட்டீர்களா, ஆம்லெட் சாப்பிட்டீர்களா என்று அதற்குத் தெரியாது. டாக்டர் அந்த அளவை எழுதியபோது நீங்கள் காலையில் நாலு இட்லி, மதியம் சோறு என்று இருந்திருப்பீர்கள். நீங்கள் இட்லியை எடுத்துவிட்டு மாத்திரையை அப்படியே விட்டுவிட்டீர்கள். 2018ல் உங்களிடம் மாத்திரையே கிடையாது. அதனால் அப்போது எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இந்த ஆபத்து வரவில்லை.

மாவு குறைக்கும் முதல் வாரத்துச் சோர்வு வேறு மாதிரி இருக்கும். இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளும். அதனால் தலைவலி, அசதி, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. அதற்குத்தான் உப்புத் தண்ணீர். உங்களுக்கு உப்புத் தண்ணீர் கேட்கவில்லை, பிஸ்கட் கேட்டது. பதில் அதிலேயே இருக்கிறது.

ஆகவே மூன்றாம் தடவை ஆரம்பிக்கும் முன் மாத்திரை எழுதிய டாக்டரிடம் போங்கள். "அரிசியைக் குறைக்கப் போறேன், மாத்திரை அளவை என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பி.பி. மாத்திரையையும் கையோடு காட்டுங்கள். எடையும் உப்பும் இறங்கும்போது பி.பி.யும் இறங்கும். நம் வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் அது சேர்ந்தால் மிஷினை விட்டு எழும்போதே கண் இருட்டும். ஏப்ரல், மே மாதத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள் என்று என்னிடம் வருகிற எல்லோருக்கும் சொல்வேன்.

வீட்டில் சுகர் பார்க்கும் மிஷின் ஒன்று இருக்கட்டும். நடுக்கம் வந்தால் உடனே குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். அந்த நேரத்தில் டயட்டாவது ஒன்றாவது!

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவை அறவே நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. மிஷினில் சுகர் பெரிதாக ஏறியிருக்காது என்பதால் ஏமாந்துபோவோம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் இவர்கள் பேலியோ பக்கமே போகக் கூடாது.

இப்போது நாத்தனாருக்கு வருவோம்.

அவர் சொல்வது தவறு. அமெரிக்காவில் சியாட்டில் நகர ஆராய்ச்சியாளர்கள் மாதவிடாய் நின்ற, எடை கூடிய 439 பெண்களை ஓராண்டு பார்த்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் பலர் முன்பே மூன்று தடவையாவது கணிசமாக இளைத்துத் திரும்ப ஏறியவர்கள். அவர்கள் ஆரம்பத்தில் மற்றவர்களைவிட எடை கூடுதலாகத்தான் இருந்தார்கள். ஆனால் உணவைக் குறைத்து உடற்பயிற்சி செய்தபோது மற்றவர்களுக்கு இணையாகவே இளைத்தார்கள். அவர்கள் சாப்பிட்டது பேலியோ இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஒரு தடவை இளைத்து ஏறிய உடம்பு மறுபடி இளைக்காது என்ற பேச்சுக்கு அது நல்ல பதில்.

அப்படியானால் அந்த 3 கிலோ? அதில் உங்கள் ஞாபகம் செய்கிற வேலை கொஞ்சம் இருக்கிறது. சோறும் இட்லியும் தின்கிற உடம்பு ஈரலிலும் தசையிலுமாக ஏறக்குறைய அரைக் கிலோ மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவை நிறுத்தினால் அந்தக் களஞ்சியம் காலியாகி, தண்ணீரும் போய்விடும். 2018ல் முதல் வாரம் போன 3 கிலோவில் கொழுப்பு அரைக் கிலோவோ என்னவோ, மீதி பெரும்பாலும் தண்ணீர். சுகர் வந்த பிறகு நீங்கள் சோற்றைப் பாதியாகவாவது குறைத்திருப்பீர்கள், டீயில் சர்க்கரையை விட்டிருப்பீர்கள். களஞ்சியம் முன்னமாதிரி நிறைந்திருக்காது. நிறையாததிலிருந்து எவ்வளவு கொட்டும்?

அந்தச் சர்க்கரையையும் கணக்குப் பாருங்கள். கடையில் நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 50 கிராம் சர்க்கரை, 200 கலோரி. 2018ல் அதை ஒரே நாளில் நிறுத்தினீர்கள். இப்போது நிறுத்துவதற்கு அது இல்லை.

பழைய எடைக் குறிப்பு ஏதாவது வைத்திருக்கிறீர்களா? காட்பாடியிலிருந்து வந்த ஓர் அம்மா தினசரிக் காலண்டர் தாளில் எழுதிய எடைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். அவரும் உங்களைப் போலத்தான், "அப்போ மடமடன்னு குறைஞ்சுது மேடம்" என்றார். தாள்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினோம். நாலாவது மாதம் முழுக்கக் குறைந்தது 900 கிராம். ஐந்தாவது மாதம் பதினெட்டு நாள் ஒரே எண். அவருக்கு அதெல்லாம் மறந்தே போயிருந்தது.

ஆனால் எல்லாமே ஞாபகப் பிழை என்று சொல்லித் தப்பிக்கவும் நான் தயாரில்லை. உங்கள் உடம்பும் மாறியிருக்கிறது. வேகமாக இளைக்கும்போது கொழுப்போடு தசையும் போகும். திரும்ப ஏறும்போது வருவது பெரும்பாலும் கொழுப்பு. ஆகவே 2018ன் 84 கிலோவும் இன்றைய 86 கிலோவும் ஒரே சரக்கு இல்லை. இன்று தசை குறைவாக இருக்கலாம், அதனால் சும்மா இருக்கும்போது எரிவதும் குறைவு. வயதும் மாதவிடாய் நிற்கும் பருவமும் இதே பக்கம்தான் இழுக்கும். இந்தப் பின்னடைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்க டிவி போட்டி ஒன்றில் கடுமையாக இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து 2016ல் எழுதினார்கள். அவர்கள் உடம்பு நாளொன்றுக்கு 500 கலோரி அளவுக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக எரித்தது. அது பட்டினியும் மணிக்கணக்கில் உடற்பயிற்சியுமாக உடம்பை வதைத்த கூட்டம். உங்களுக்கு அந்த அளவு இருக்காது, பயப்பட வேண்டாம்.

அடுத்தது சமையற்கட்டு. இரண்டாம் தடவை பேலியோ இருக்கிறவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது, விதிகள் தளர்ந்திருக்கும், பெயர் மட்டும் அதே பேலியோ. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். "மாவுச்சத்தே தொடறதில்ல மேடம், இருந்தும் குறையல" என்றார். பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை) எடுத்து வாயில் போட்டார். அவர் கை அள்ளியதைத் தராசில் வைத்தேன். 42 கிராம். ஒரு நாளைக்கு எத்தனை கை என்று கேட்டேன். "மல்லாட்டைய எண்ணியா திம்பாங்க?" என்று சிரித்தார். ஒரு கைக்கு 240 கலோரி. ஒரு கப் சோறே 200தான் வரும். மூன்று கை தின்றால் மதியச் சாப்பாட்டுக்குச் சமம். பாதாமும் அப்படித்தான். பேலியோக்காரர்களின் அந்த 100 பாதாம் 700 கலோரி. காலை உணவுக்குப் பதிலாகச் சாப்பிட்டால் கணக்கு சரி. காலையும் சாப்பிட்டு, கொறிக்கவும் வைத்துக்கொண்டால் இளைக்க வழியே இல்லை.

இன்னொன்று களி. கேழ்வரகு சுகருக்கு நல்லதாயிற்றே என்று பேலியோவுக்கு நடுவில் களி கிண்டுகிறவர்கள் நம் ஜில்லாவில் நிறைய. 100 கிராம் கேழ்வரகு மாவில் மாவுச்சத்து 70 கிராமை ஒட்டி வரும். பச்சரிசியில் 78. நார்ச்சத்தும் கால்சியமும் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் அளவில் அது மாவுதான். தினை, சாமையும் இதே கதை. ஆடிக் கூழை ஒரு டம்ளரோடு வைத்துக்கொள்ளுங்கள், சொம்பு வேண்டாம்.

சரி, மூன்றாம் தடவை எப்படி? 2018ஐ அப்படியே திரும்ப நடத்தச் சொல்ல மாட்டேன். மாத்திரை சாப்பிடுகிற உடம்புக்கு ஒரேயடியாக நிறுத்துவது தேவையில்லை. தவிர, ஏழு மாதம் இருந்து விட்டுப்போன முறையைவிட மூன்று வருஷம் தாங்குகிற முறை எனக்குப் பிடிக்கும். டாக்டர் சரியென்றதும், இரவு டிபனில் மட்டும் மாவை எடுங்கள். இரண்டு வாரம் சுகரைப் பார்த்து, அவர் மாத்திரையைச் சரிசெய்தபின் காலையிலும் எடுங்கள். மதியம் ஒரு கப் சோறு இருக்கட்டும். எனக்குச் சோறில்லாத மதியம் ஒத்துவராது, உங்களுக்கும் வராது என்று நினைக்கிறேன்.

தட்டில் மீதி இடத்தைக் காயும் புரதமும் பிடிக்கட்டும். ஊருக்குப் பக்கத்திலேயே இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் விளைகிறது, 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். மாவு மிகக் குறைவு. ஆம்பூர் பிரியாணிக்கு வைக்கிற அந்தக் கத்தரிக்காய் தொக்கை, பிரியாணி இல்லாமல் இரண்டு முட்டையோடு சாப்பிட்டுப் பாருங்கள். எண்ணெயை மட்டும் கல்யாண வீட்டுக் கணக்கில் ஊற்றாதீர்கள். முட்டை, மீன், கோழி, பனீர், தயிர் என்று வேளைக்கு ஒன்று வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புரதத்தைக் கூட்டுங்கள். சுகர் இருப்பதால் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் எப்படியும் பார்க்க வேண்டும்.

தசைக்கு வேலை கொடுக்க ஜிம் வேண்டாம். நாள் முழுக்க மிஷினில் உட்காருகிறவர் நீங்கள். ஒவ்வொரு ஜாக்கெட்டும் தைத்து முடித்ததும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். முழங்கால் வலித்தால் ஐந்து போதும். வீட்டு மாடிப்படி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடையை வாரத்துக்கு ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில் பார்த்து எழுதுங்கள். மாதம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ இறங்கினால் இந்த வயதில் அது நல்ல வேகம். இடுப்பளவையும் எழுதுங்கள், அளவு நாடா உங்கள் கழுத்திலேயேதான் தொங்கும். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். எடை நின்றுபோன மாதத்தில்கூட அது இறங்கியிருக்கும், பல பேரிடம் பார்த்திருக்கிறேன்.

பின்குறிப்புக்கு: மைதா, கோவா, உள்ளே முந்திரி பாதாம், வெளியே பாகு. மக்கன் பேடாவுக்கு நான் எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. மகள் நிச்சயதார்த்தத்தில் சாப்பாட்டோடு ஒன்று சாப்பிடுங்கள். மறுநாள் வெயிட் மிஷினில் ஒரு கிலோ கூடக் காட்டினால் அது தண்ணீர், நாலு நாளில் போய்விடும். மீந்த டப்பாவை நாத்தனார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிடுங்கள்.