இசைக்குக் கூலி கேட்பது குற்றமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மதுரைத் திருநகரில் வசிக்கும் இசைக்கலைஞன். திருமண வரவேற்புகளில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த நான், இப்போது அழகர்கோவில் சாலையிலும் திருமங்கலம் பக்கத்திலும் உள்ள முதியோர் இல்லங்களில் யுகுலேலே வாசித்துப் பாடுவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டிருக்கிறேன். நான்கு நைலான் தந்திகள் கொண்ட அந்தக் கருவியைக் கண்டதும், “என்ன தம்பி, கிட்டார் போட்ட குட்டியா?” என்பார்கள். 1879-இல் மதேரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கப்பலில் வந்த போர்த்துகீசியர் கொண்டுவந்த சிறு கருவியின் வழிவந்தது என்று சொன்னால், பாட்டை மறந்து கப்பல் கதையைக் கேட்பார்கள்.

அவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி. பேச்சு பெரும்பாலும் நின்றுபோன நிலையிலும், டி.எம்.எஸ். பாடல் என்றால் சரணத்தை அடி பிசகாமல் பாடிவிடுவார். சென்ற மாதம் போனபோது அவருடைய கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். அவர் இறந்ததை எனக்கு யாரும் தெரிவித்திருக்கவில்லை. அன்று வாசித்துவிட்டு வந்தவன், பிறகு அந்த இல்லத்து வாசலை மிதிக்கவில்லை. இதற்கிடையே, கட்டணம் கேட்டால் “புண்ணியம்தானே தம்பி” என்கிறார்கள் இல்லத்தார், “புண்ணியம் உலையில் வேகுமா?” என்கிறார் அப்பா. அந்தப் பெரியவரின் மறைவையும் இந்தக் கட்டணச் சிக்கலையும் ஒரே கடிதத்தில் எழுதலாமா என்பதும் தெரியவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரே கடிதத்தில் எழுதியது சரிதான். ஒன்றிலிருந்தே மற்றது வருகிறது. உங்கள் பணிக்குப் புண்ணியம் என்று பெயரிட்டவர்கள், கூலியோடு சேர்த்து ஊழியருக்குரிய இடத்தையும் உங்களுக்குத் தராமல் விட்டார்கள். அதனால்தான் செவிலியருக்குச் சொல்லப்பட்ட மரணம் உங்களுக்குச் சொல்லப்படவில்லை. உறவினர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க ஊரே போகும், உங்களிடம் யார் வருவார்? பிறர் துயரமாகவே ஏற்காத இத்தகைய துயரத்தைப் பற்றி, அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989-இலேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகள் முதுமையில் மிகுதியாக மேலெழுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இன்று எண்பதைக் கடந்தவர்களுக்கு அது பெரும்பாலும் டி.எம்.எஸ். கொடிகட்டிப் பறந்த காலம்; அதிலும் அவர் மதுரையில் பிறந்தவர். அந்தப் பெரியவர் கடைசிவரை வாய்திறந்தது உங்கள் வாசிப்புக்குத்தான் என்றால், அவர் போனது உங்களை உறுத்தாமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

அந்த இல்லத்துக்கு மீண்டும் செல்லுங்கள். உள்ளே நுழையும் முன் மேலாளரைச் சந்தித்து, யாரேனும் இறந்தால் எனக்கும் தொலைபேசியில் தெரிவியுங்கள் என்று கேளுங்கள். அந்தப் பெரியவர் விரும்பிய பாடலை அன்றே பாட வேண்டும் என்பதில்லை. உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் செல்லுங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை உங்கள் கூச்சத்தை நான் ஏற்கவில்லை. காது கேட்கும் கருவிகள் பெரும்பாலும் பேச்சுக்காகவே சீரமைக்கப்படுவதால் இசை அவற்றில் சிதைந்து கேட்கக்கூடும் என்பதை அறிந்து, ஒலிபெருக்கியைத் தவிர்த்து, கட்டிலருகே அமர்ந்து வாசிப்பது பழகிப் பெற்ற திறமை. ஓர் அமர்வுக்கு எவ்வளவு, போக்குவரத்துச் செலவு எவ்வளவு, மாதத்தில் எத்தனை இல்லங்களுக்கு இலவசம் என்பதை நீங்களே முடிவு செய்து தாளில் எழுதிவிடுங்கள். அந்தத் தாளை முதலில் அப்பாவிடம் காட்டுங்கள். தொகை போதாது என்று அவரே திருத்தித் தருவார்.