வெறும் தேயிலையா?

கேள்வி: துபாயில் ஒரே ஹோட்டலில் என்னோடு வேலை செய்த போலந்துத் தோழி, இந்த நத்தாருக்குக் கிராக்கோவில் இருக்கும் தன் தாய் தகப்பன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கும் ஆசைதான். ஆனால் நாங்கள் இந்துக் குடும்பம். அவர்கள் வீட்டுப் பண்டிகையில் நான் போய் நிற்பது பாரமாக இருக்காதா? கொண்டுபோவதற்கும் நம் ஊரில் என்ன இருக்கிறது, வெறும் தேயிலைதானே?
— ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, பாரத்தைப் பிறகு பார்ப்போம். அந்த 'வெறும்' எங்கிருந்து வந்தது? காற்றடித்தால் தேயிலை ஸ்டோர் வாசம் வீட்டுக்குள் வருகிற ஊரில் இருந்துகொண்டு இப்படி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. நல்ல இலையையெல்லாம் கப்பலில் ஏற்றிவிட்டு, மிஞ்சிய தூளை நமக்குத் தந்து, அதில் மாப்பாலையும் மூன்று கரண்டி சீனியையும் கொட்டிக் குடிக்கப் பழக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிடைக்கும் அந்தச் செங்கல் நிறத் திரவத்தைக் குடித்து வளர்ந்தவர்கள் 'வெறும்' என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்கள்? இதைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் 'ஆசிரியருக்கு மறுபடியும் தேயிலைக் காய்ச்சல்' என்று தபாலட்டை வரும். வரட்டும்.

விமான நிலையத்தில் யானைப் படம் போட்ட மரப்பெட்டி விற்பார்கள். உள்ளே ஒரு கைப்பிடித் தேயிலை. மூடியின் மேல் பொட்டு வைத்துப் பூவும் வைத்துச் சிரிக்கும் ஒரு அக்கா. அந்த அக்காவை நம் மலையில் யாரும் கண்டதில்லை. கூடைக் கயிறு நெற்றியை அழுத்தும்போது அப்படியெல்லாம் சிரிக்க வராது. யானைக்கும் பெட்டிக்கும் காசு கொடுக்காதீர்கள். நல்ல இலையாகப் பார்த்து, சாதாரணப் பொட்டலத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

போலந்துக்காரர்களும் நம்மைப் போலத் தேத்தண்ணிப் பிரியர்கள்தான். ஆனால் அவர்கள் குடிப்பது சாயத் தண்ணி, அதில் ஒரு வட்டம் எலுமிச்சை. தயவுசெய்து பால் கேட்டுவிடாதீர்கள். பால் விட்ட தேநீருக்கு அங்கே 'பவார்க்கா' என்று தனிப் பெயரே இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற அதைக் கொடுப்பது பழைய வழக்கம். போன மறுநாள் காலையில் நீங்கள் 'எனக்குப் பால் போட்டு' என்று சொன்னால், தோழியின் தாய் உங்கள் வயிற்றை ஒருமுறை பார்ப்பார். அப்புறம் மகளைப் பார்ப்பார். அடுப்படியில் தகப்பனோடு ஏதோ கிசுகிசுப்பு நடக்கும். மத்தியானம் உங்கள் தட்டில் மட்டும் இரண்டு அகப்பை கூடுதலாக விழும். மாலைக்குள் பாட்டி சின்னதாக ஒரு கம்பளிச் சப்பாத்து பின்னத் தொடங்கியிருப்பார். விஷயம் பொகவந்தலாவைக்கு எட்டுமுன் நீங்களே வீட்டுக்குப் போன் போட்டு விளக்க வேண்டியிருக்கும். அங்கே மாலை ஐந்து மணி என்றால் இங்கே இரவு ஒன்பதரை. அந்த நேரத்தில் 'அம்மா, பதறாமல் கேளுங்கள்' என்று ஆரம்பிக்கும் போனை எந்த அம்மா பதறாமல் கேட்பார்?

ஆகவே எலுமிச்சைக்குத் தோதான இலை வேண்டும். என் ஓட்டு நுவரெலியாவுக்கு: சாயம் வெளிறல், மணம் தூக்கல். பண்டாரவளையில் ஒரு அன்பர் இருக்கிறார். ஊவா இலையைத் தவிர மற்றதெல்லாம் புல் என்பது அவர் கட்சி. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கும் அந்த உலர்காற்றில் ஊவாவுக்கு ஒரு மணம் ஏறும் என்பதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. உங்கள் பக்கத்துத் திம்புளை இலைக்கு ஜனவரியில்தான் பருவம் தொடங்கும். நீங்கள் போவதோ டிசம்பர். காலண்டர் அன்பர் பக்கம் சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான்; இந்த முறை ஊவாவையே வாங்குங்கள். இதை வெற்றியாக எடுத்துக்கொண்டு அவர் நாலு பக்கம் எழுதி அனுப்பினால் போடுவதற்கு இடமில்லை.

ஊற்றிக் கொடுப்பதும் உங்கள் வேலையாகவே இருக்கட்டும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கிராக்கோவ் தாழ்ந்த ஊர், கிட்டத்தட்ட 100 வரை ஏறும். வீட்டுக் கணக்கில் ஊறவிட்டால் கசந்துவிடும். மூன்று நிமிடம் போதும். கஜுவும் ரவையும் பூசணித் தோசியும் போட்ட நம் நத்தார் கேக்கும் கொண்டுபோகலாம். கறிவேப்பிலை வேண்டாம்: பச்சை இலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சான்றிதழ் கேட்பார்கள். இறைச்சி, பால் சாமான்களை உள்ளே விடவே மாட்டார்கள்.

சரி, பாரம். அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று தலையை எண்ணிப் பிரித்துக்கொண்டன. மிச்சப்பட்டவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. பிறந்த வீட்டிலேயே விருந்தாளியாக நிற்கப் பழகியவர்கள், அடுத்தவர் வீட்டு வாசலில் இரட்டிப்பாகக் கூசுவார்கள்.

ஆனால் நீங்கள் போகிற வீட்டு மேசையைக் கொஞ்சம் பாருங்கள். அங்கே பெரிய விருந்து 25ஆம் திகதி அல்ல, 24ஆம் திகதி இரவு; 'விகிலியா' என்பார்கள். அந்த மாதத்தில் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே உட்காருவார்கள். மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல், மேலே பீட்ரூட் சூப்பிலிருந்து தொடங்கிப் பன்னிரண்டு வகை. இறைச்சி கிடையாது, மீன் உண்டு. (குளியல் தொட்டியில் ஒரு கெண்டை மீன் நீந்திக்கொண்டிருந்தால் பயப்படாதீர்கள், அதுவும் பழைய வழக்கம்தான்.) முக்கியமான விஷயம், ஆட்களை எண்ணித் தட்டு வைத்தபின் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள். கூப்பிடாமல் வந்து கதவைத் தட்டுகிறவருக்கு. அந்தத் தட்டு உங்களுக்கு இல்லை, தங்கச்சி. நீங்கள் கூப்பிட்டு வந்தவர், உங்கள் தட்டு எண்ணிக்கையிலேயே இருக்கும். நீங்கள் உட்கார்ந்த பிறகும் ஒன்று மிஞ்சிக் கிடக்கும். இதில் நீங்கள் யாருக்குப் பாரம்?

இந்து என்பதும் தடையில்லை. சாப்பாட்டுக்கு முன் மெல்லிய வெள்ளை அப்பத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிட்டு, வாழ்த்துச் சொல்லிச் சாப்பிடுவார்கள். அது எல்லோருக்கும் உரியது, தயங்காமல் பிட்டுக்கொள்ளுங்கள். நள்ளிரவுப் பூசைக்குப் போனால் நற்கருணை வரிசையில் மட்டும் நிற்க வேண்டாம். அது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கருக்கு உரியது.

மேசையில் பேச்சு நின்றுபோனால் யோசேவ் வாஸ் அடிகளாரின் கதையைச் சொல்லுங்கள். கோவாவிலிருந்து வந்த பாதிரியார். 1692இல் கண்டிக்கு வந்தபோது அவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். பிறகு அந்தப் பௌத்த அரசரே அவரை விடுவித்து, ஊழியம் செய்யவும் விட்டார். 1711இல் கண்டியிலேயே கண்ணை மூடினார். 1995 ஜனவரியில் கொழும்பு காலி முகத்திடலில் அவரைப் புனிதர் நிலைக்கு முந்திய படியான அருளாளராக உயர்த்திய பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், முன்னே கிராக்கோவ் பேராயராக இருந்தவர். அந்த வீட்டுப் பாட்டி இதைக் கேட்டால் சப்பாத்து பின்னுவதையே நிறுத்திவிடுவார்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது விசாவைப் பற்றி. அதைக் கேட்கவில்லை. ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்புறுதி. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசி 15 நாளுக்குள் போய் நின்றால் வாங்கமாட்டார்கள். தோழியிடம் அழைப்புக் கடிதத்தை இன்றைக்கே கேளுங்கள். தேயிலையை நவம்பரில் வாங்கினால் போதும்.