வரியின் தலையில் தேடுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் செந்தூலில் இருக்கிறேன். பகலில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. இரவில் நண்பர்கள் இருவரோடு பாட்டு. ஒருவன் மெட்டுப் போடுவான், ஒருவன் பாடுவான், வரிகள் என் பொறுப்பு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்கு ரைம் ஆகிற சொற்களையெல்லாம் கொட்டிவிடும் தளங்கள் இருக்கின்றன. தமிழில் ‘காதல்’ என்று ஒரு வரியை முடித்தால் எனக்கு ‘மோதல்’, ‘சாதல்’ தவிர வேறு எதுவும் தோன்றுவதில்லை. பள்ளியில் பந்துன் என்னும் நாலு வரி மலாய்க் கவிதை எழுதியபோது இந்தத் தடுமாற்றம் இருந்ததில்லை. தமிழில் ரைம் அகராதி என்று ஒன்று இருக்கிறதா?

என் பாட்டியைப் பற்றி ஒரு பாட்டு ஆரம்பித்திருக்கிறேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாலு வரியோடு நிற்கிறது.

பாட்டி நீ விடியலில் எழுந்தாய்
பனியில் நனைந்து நடந்தாய்
பால்மரம் எல்லாம் வெட்டினாய்
பசியை வயிற்றில் கட்டினாய்

இதற்குமேல் எல்லா வரியும் ‘ஆய், ஆய்’ என்றே வருகிறது. எனக்கே சலிக்கிறது. என்ன செய்யலாம்?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், செந்தூல்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் நாலு வரியை வாய்விட்டு மூன்று முறை படித்தேன். நீங்கள் கவனிக்காத ஒன்று அதில் இருக்கிறது. பாட்டி, பனியில், பால்மரம், பசியை. நான்கு வரியும் பகரத்தில் தொடங்குகின்றன. அகரமும் ஆகாரமும் ஒன்றுக்கொன்று இனம் என்பதால் ‘ப’வும் ‘பா’வும் மோனையாகும், அதாவது முதலெழுத்து ஒத்துவருவது. அடிதோறும் மோனை வைத்திருக்கிறீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் காது கொடுத்தது அது. அந்தக் காதை நம்பி மேலே பேசுகிறேன்.

‘ஆய், ஆய்’ சலிக்கிறது என்கிறீர்கள். சலிக்கத்தான் செய்யும். தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அந்த வினையும் ‘நீ’ என்றால் ‘ஆய்’ என்றும், ‘அவள்’ என்றால் ‘ஆள்’ என்றும், ‘நான்’ என்றால் ‘ஏன்’ என்றும் வால் மாற்றிக்கொள்கிறது. ஆகவே ஒரே ஆளைப் பற்றி நாலு வரி எழுதினால் நாலும் தாமாகவே ஒரேபோல முடிந்துவிடும். உழைக்காமல் கிடைப்பதில் காது எதையும் கேட்பதில்லை. மலாய் அப்படி அல்ல. வினை அங்கே ஆளுக்கேற்ப முடிவு மாற்றுவதில்லை, அதனால் வரிக்கடைசியில் ஒலி ஒத்துப்போனால் அது கவிஞன் தேடிப் பிடித்தது. பந்துனில் முதல் வரிக்கு மூன்றாம் வரியும், இரண்டாம் வரிக்கு நான்காம் வரியும் ஒலியொத்து முடியும்போது அத்தனை நிறைவு தருவது இதனால்தான். மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து முன்வைத்து, 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய வடிவம் அது. நீங்கள் பள்ளியில் அதைக் கற்றது வீண் இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தில் தமிழுக்கும் கடைசிச் சொல்லிலேயே தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

தமிழில் வரிக்கடைசி ஒலி ஒன்றுவதற்கு இயைபு என்று பெயர். அதுவும் தொடைதான், அதாவது ஒலி ஒத்துவரச் சொற்களைத் தொடுக்கும் முறைகளில் ஒன்று. ஆனால் நம்முடைய பெரிய செல்வம் வரியின் தலையில் இருக்கிறது. அது எதுகை. இரண்டு வரிகளின் முதல் சொற்களில் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். முதல் எழுத்து இரண்டிலும் குறிலாகவோ இரண்டிலும் நெடிலாகவோ இருக்க வேண்டும். ‘பாட்டி’க்கு ‘வீட்டில்’ எதுகை, ‘கூட்டம்’ எதுகை. ‘பட்டு’ எதுகை ஆகாது. ‘ட்’ ஒத்தாலும் முதலெழுத்தின் அளவு ஒக்கவில்லை.

‘பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதைப் பாருங்கள். பட்ட, கெட்ட எதுகை. பட்ட, படும் மோனை. கெட்ட, கெடும் மோனை. கடைசியில் படும், கெடும் இயைபு. ஆறே சொல்லில் மூன்று தொடை. என் அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். இறந்தவரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அந்தப் பெயரின் இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டு வரி வரியாகக் கட்டுவார். சின்னப் பிள்ளையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள் நான். எதுகை என்ற பெயர் எனக்குத் தெரியவந்தது எத்தனையோ ஆண்டுகள் கழித்து.

இப்போது உங்கள் ‘காதலை’ வரியின் கடைசியிலிருந்து தலைக்குக் கொண்டுவாருங்கள். நெடிலும் அதன்பின் தகரமும் போதும். மாதம், நாதம், வேதனை, சோதனை, சீதனம். தகர வருக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டால் பாதை, பேதை, வீதி, தேதி, சாதி, தூது, மீது, காது, ஏது, போதும். கடைசியில் தேடியபோது இரண்டு, தலையில் தேடினால் இத்தனை. இவற்றில் ‘தேதி’யும் ‘சாதி’யும் ‘சீதன’மும் காதலோடு வந்து நின்றால் ஒரு கதையே தொடங்கிவிடுகிறது.

அகராதி கேட்டீர்கள். இருக்கிறது, வெகுகாலமாகவே. இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதி தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று அதில் நான்கு பகுதிகள். நான்காவதான தொடையகராதி எதுகைச் சொற்களைத் திரட்டித் தருவது. அவருக்கும் முன்பே மண்டல புருடர் செய்த பழைய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பகுதி, எதுகை வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது. ககர எதுகை, ஙகர எதுகை என்று போகும். மனப்பாடம் செய்பவருக்கும் பாட்டுக் கட்டுபவருக்கும் இரண்டாம் எழுத்துதான் கைப்பிடி என்று அந்த ஆசிரியர்கள் அறிந்திருந்தார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப்பிரதிகளைப் பார்க்கலாம்.

பாருங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். உங்கள் வாயில் வராத சொல்லை எதுகைக்காக இழுத்துவந்தால் பாட்டில் அது மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். உங்கள் பாட்டி புழங்கிய சொற்களைத் தோட்டத்துப் பொருளில் எந்த நிகண்டிலும் காண முடியாது. மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), நிரை (மர வரிசை), பெரட்டு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடுவது), ஒட்டுப்பால் (உறைந்து ஒட்டிய பால்), லயம், கித்தா (ரப்பர்). அவற்றுக்கு நீங்கள்தான் தொடையகராதி எழுத வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இரண்டாம் இடத்தில் வரும் மெய்யெழுத்து ஒன்றுக்கு ஒரு பக்கம், பக்கத்தை நடுவில் பிரித்து இடப்புறம் குறிலில் தொடங்கும் சொற்கள், வலப்புறம் நெடிலில் தொடங்கும் சொற்கள். ஊரில், கடையில், ரயிலில் காதில் விழும் சொல்லை அன்றைக்கே அதன் பக்கத்தில் போடுங்கள். நான் அப்படி மூன்று நோட்டு வைத்திருக்கிறேன். லகரம், ளகரம், ழகரம் மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும். ‘மழை’யையும் ‘தளை’யையும் இங்கே பலர் ஒன்றுபோலவே உச்சரிக்கிறார்கள் என்பதற்காக அவற்றை எதுகையாக வைக்காதீர்கள். உங்கள் பாடகர் நண்பர் ழகரத்தை ழகரமாகவே பாடட்டும்.

உங்கள் பாட்டுக்கு வருகிறேன். நாலு வரியில் என்னை நிறுத்திய சொல் ‘வெட்டினாய், கட்டினாய்’. ‘எழுந்தாய், நடந்தாய்’ என்பதில் வால் மட்டுமே ஒன்று. ‘வெட்டி, கட்டி’யில் வேரே ஒலிக்கிறது. இயைபு வைப்பதானால் இப்படி வையுங்கள். ஆனால் இந்த நாலு வரியில் எந்தத் தோட்டத்துப் பாட்டியும் இருக்கலாம். உங்கள் பாட்டியின் கையில் இருந்த பொருள் ஒன்றாவது உள்ளே வர வேண்டும். நான் ‘மங்கு’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். குறிலும் ஙகர மெய்யும். பங்கு, எங்கள், தங்கும், பொங்கும், தங்கை, அங்கே, சங்கு என்று எழுதிக்கொண்டே போனேன். பட்டியலில் ‘கங்காணி’ வந்து நின்றபோது பாட்டு தெரிந்துவிட்டது.

மங்கு நிறைய மரத்துப்பால் வடிய
தங்கும் பனியில் தலையெல்லாம் நனைய
கங்காணி குரலுக்குக் காடு விழிக்க
எங்கள் பாட்டிக்கு எங்கே விடியல்?

நான்கு வரிக்கும் தலையில் எதுகை. ஒவ்வொரு வரியிலும் முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை. இதைப் பொழிப்பு மோனை என்பார்கள். (முதல் வரியில் ‘வடிய’வும் மோனையில் சேரும், மகரத்துக்கு வகரம் இனம். அது திட்டமிடாமல் வந்தது.) கடைசி வரியில் வேண்டுமென்றே முடிவை மாற்றினேன். வடிய, நனைய, விழிக்க என்று ஓடிவந்த காது ‘விடியல்’ என்ற இடத்தில் தட்டி நிற்க வேண்டும். தலையில் எதுகை கட்டிவைத்திருப்பதால்தான் கடைசியை அவிழ்த்துவிடும் துணிவு வருகிறது. இது உங்களுக்குக் காட்டுவதற்காக எழுதியது. எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களுடையதை எழுதுங்கள்.

மெட்டுக்கு எழுதுவது பற்றி இரண்டு செய்தி. நண்பர் மெட்டை அனுப்பும்போது ‘தன்னானே’ போட்டுப் பாடித் தரச் சொல்லுங்கள். எங்கே நீள்கிறதோ அங்கே நெடில் இருக்க வேண்டும். வரியின் முடிவில் பாடகர் குரலை நிறுத்தி இழுக்கும் இடமென்றால் ‘பட்டு’, ‘விட்டு’ போன்ற சொல்லை வைத்து அவரைத் தவிக்க விடாதீர்கள். ஆ, ஏ, ஓ முடிவுகள் அங்கே தாங்கும். பல்லவிக்கு இயைபு தேவைப்படுவதும் அந்த இடத்தில்தான். இன்னொன்று, சில மெட்டுகளில் தாளம் விழுவதற்கு முன்பே ‘அட’, ‘ஏ’, ‘அம்மா’ என்று ஓர் உதிரிச் சொல் வரும். எதுகையை அதிலிருந்து எண்ணாமல் தாளம் விழுகிற சொல்லிலிருந்து எண்ணுங்கள். கணக்கில் சேராமல் முன்னால் நிற்கும் சொல்லுக்கு இலக்கணத்தில் கூன் என்றே ஒரு பெயர் உண்டு. 2006இல் யோகி பியும் நட்சத்ராவும் என்ற மலேசிய ராப் குழு வந்ததிலிருந்து தமிழ் ராப் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பேச்சுபோல ஆகிவிட்டது. ராப்பில் கடைசி ரைமுக்கு வேலை அதிகம், தெரியும். அங்கேயும் தாளம் அடிக்கும் சொல்லில் எதுகை விழுந்தால் என்ன ஆகிறது என்று ஒரு முறை பாடிப்பாருங்கள்.

ஒரு திருத்தம். ‘விடியலில் எழுந்தாய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பால்மரம் வெட்டியவர்கள் விடியலில் எழுந்ததில்லை. வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும். குளிர்ந்த நேரத்தில்தான் மரம் நன்றாகச் சுரக்கும். அதனால் பெரட்டுக்கு நிற்கும்போது இருட்டாகவே இருக்கும். உங்கள் பாட்டி இருக்கிறாரா? இருந்தால் எத்தனை மணிக்கு எழுந்தார், தலையில் என்ன கட்டியிருந்தார், பெரட்டில் பெயர் கூப்பிட்டது யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அம்மாவிடம் கேளுங்கள். இரண்டாவது சரணத்தைப் ‘பெரட்டு’ என்ற சொல்லில் தொடங்கலாம். விரட்டு, மிரட்டு, இரவு, குரல், விரல், மரம், உரம், வரவு. என் நோட்டில் ரகரப் பக்கம் இடப்புறம் இன்னும் இருக்கிறது. நீங்கள் முதலில் உங்கள் பக்கத்தை நிரப்பிவிட்டு, அந்தச் சரணத்தோடு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா