ஆர்எஃப் போர்டில் பவர் வரவில்லையா? செட்டிநாட்டு வாசகர்களுக்குப் பதில்கள்

இந்தமுறை வந்த கேள்விகள் எல்லாமே செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து. செய்யும் சாதனம் ஆளுக்கொன்று; குறை மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான். ரேடியோ அலை அனுப்பும் (ஆர்எஃப்) போர்டில், புரோகிராமில் கேட்ட பவர் வெளியே வரவில்லை.

கே: காரைக்குடியில் இறுதியாண்டு இசிஇ படிக்கிறோம், ஐயா. ஊரணி நீர்மட்டத்தைக் கண்காணிக்க எஸ்எக்ஸ்1276 சிப் வைத்து லோரா (குறைந்த பவரில் தூரம் போகும் ரேடியோ முறை) போர்டு ஒன்றை நாங்களே வடிவமைத்தோம். 866 மெகாஹெர்ட்ஸில் 20 டிபிஎம் (பவரின் அளவு) கேட்டால் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 9தான் தெரிகிறது. மேட்சிங் நெட்வொர்க்கில் (சிப்பையும் ஆன்டெனாவையும் பொருத்தும் காயில், கெப்பாசிட்டர் பகுதி) எல்லா மதிப்பையும் மாற்றிப் பார்த்துவிட்டோம்.

ப: சால்டரிங் அயர்னைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், தம்பி. பவர்தான் குறைகிறதா, அளவெடுப்பதுதான் தப்பா என்று தெரியாமல் மேட்சிங்கைத் தொடவே கூடாது.

லோரா சிக்னல் 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவி நிற்கிறது. அனலைசர் ஒரு சமயத்தில் பார்க்கும் அலை அகலம் (ஆர்பிடபிள்யூ) 10 கிலோஹெர்ட்ஸ், டிடெக்டர் ஆவரேஜ் என்று இருந்தால் ஏறக்குறைய 11 டெசிபெல் குறைத்துக் காட்டும். உங்களுக்குக் காணாமல் போனதும் அதே 11. என் முதல் சந்தேகம் அங்கேதான். மாடுலேஷன் இல்லாத, ஒரே அலைவெண்ணில் நிற்கும் வெறும் கேரியரை அனுப்பி அளந்து பாருங்கள். இடையில் மாட்டிய, சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரின் அளவைக் கணக்கில் சேர்த்தீர்களா என்றும் பாருங்கள். அட்டென்யுவேட்டரே போடவில்லை என்றால் உடனே போடுங்கள். கைக்கு அடக்கமான சிறிய அனலைசர்கள் பல 20 டிபிஎம்மை நேராகத் தாங்காது.

அதற்குப் பிறகும் குறைந்தால் மல்டிமீட்டரை எடுத்து, அனுப்பும்போது சிப் இழுக்கும் கரண்டை அளந்து பாருங்கள். இதைவிட நம்பகமான சாட்சி எனக்குத் தெரியாது. டேட்டாஷீட்படி, சிப்பின் உயர்பவர் வெளியீடான பிஏ பூஸ்ட் பின்னில் 20 டிபிஎம்முக்கு 120 மில்லிஆம்ப், 17க்கு 87. குறைந்த பவர் வெளியீடான ஆர்எஃப்ஓ பின்னில் 13 டிபிஎம்முக்கு 29. மீட்டர் 30 பக்கம் நின்றால் புரோகிராம் தப்பான பின்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. உங்கள் போர்டில் ஆன்டெனாவுக்குப் போவது எந்தப் பின் என்று சர்க்யூட்டில் பார்த்து, லைப்ரரியிலும் அதையே சொல்லுங்கள். 90, 100 என்று நின்றால் பிஏ-டேக் ரெஜிஸ்டரில் உயர்பவர் செட்டிங் போடவில்லை, அல்லது கரண்ட் லிமிட் பிடித்து நிறுத்துகிறது. அந்த லிமிட் மாற்றாதவரை 100 மில்லிஆம்ப்தான்.

120 முழுசாக இழுத்தும் பவர் வரவில்லை என்றால் மட்டுமே மேட்சிங்குக்கு வாருங்கள். பிஏ பூஸ்டுக்குச் சப்ளை கொண்டுபோகும் சோக் காயிலை முதலில் பாருங்கள். நானோஹென்றி மதிப்பு சரியாக இருந்தாலே போதும் என்று கடையில் கிடைத்ததைப் போட்டுவிடுகிறார்கள். 866 மெகாஹெர்ட்ஸில் அந்தக் காயிலின் க்யூ (இழப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) எவ்வளவு, எந்த அலைவெண்ணில் அது தனக்குத்தானே ரெசனேட் ஆகிறது என்பதும் முக்கியம். மேட்சிங்குக்குக் கம்பி சுற்றிய ஆர்எஃப் காயில், வெப்பத்தால் மதிப்பு மாறாத சி0ஜி வகைக் கெப்பாசிட்டர், இவற்றைத்தான் நான் சொல்வேன்.

கே: பெஞ்ச் சப்ளையில் முழுப் பவர், பேட்டரியில் பாதிகூட இல்லை. ரெகுலேட்டர் ஏஎம்எஸ்1117. (தேவகோட்டை)

ப: ரெகுலேட்டரை மாற்றுங்கள். ஏஎம்எஸ்1117க்கு உள்ளே வருவது வெளியே போவதைவிட 1 வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக வேண்டும்; இதைத்தான் டிராப் அவுட் என்பார்கள். 3.7 வோல்ட் லித்தியம் செல்லில் சிப்புக்குக் கிடைப்பது 2.6 பக்கம், செல் இறங்க இறங்க அதுவும் போய்விடும். எம்சிபி1700 மாதிரி டிராப் அவுட் குறைந்தது போதும். பக்கத்தில் ஒரு பெரிய கெப்பாசிட்டரும் வையுங்கள். சோதிக்கும்போது ஸ்கோப் புரோபை சிப்பின் சப்ளை பின்னிலேயே வையுங்கள். ஒரு பாக்கெட் போகும் நேரத்துக்குள் வோல்டேஜ் சரிந்து எழுவதை மல்டிமீட்டர் காட்டாது.

கே: சிப்பை விரலால் அழுத்தினால் 4 டெசிபெல் கூடுகிறது. எடுத்தால் குறைகிறது. (பள்ளத்தூர்)

ப: விரலுக்குப் பதில் பல்குத்தும் குச்சியால் அழுத்திப் பாருங்கள். குச்சிக்கும் பவர் கூடினால் சால்டர் பிடிக்கவில்லை. சிப்பின் வயிற்றில் இருக்கும் கிரவுண்ட் பேடுதான் பெரும்பாலும் குற்றவாளி. பிளக்ஸ் விட்டு ஹாட் ஏரில் மறுபடி உருக்குங்கள். குச்சிக்கு அசையாமல் விரலுக்கு மட்டும் கூடினால் உங்கள் விரலே ஒரு கெப்பாசிட்டராக வேலை செய்கிறது, அதாவது மேட்சிங் விலகி நிற்கிறது. குச்சிக்குப் பவர் கூடிய போர்டில், பக்கத்திலுள்ள ஒவ்வொரு பாகத்தையும் குச்சியின் நுனியால் தனித்தனியாக அழுத்தியும் பாருங்கள்.

கே: நாலு லேயர் டிசைனை இரண்டு லேயர், 1.6 மிமீ எஃப்ஆர்4 போர்டில் அப்படியே போட்டேன். ஆன்டெனா டிராக் 0.35 மிமீ அகலம், 1 சென்டிமீட்டர் நீளம். அதனால்தானா 6 டெசிபெல் போனது?

ப: டிராக் தப்புதான். ஆன்டெனாவோடு பொருந்த டிராக்கின் இம்பீடன்ஸ் 50 ஓம் இருக்க வேண்டும்; இந்தப் போர்டில் அதற்கு 3 மிமீ பக்கம் அகலம் வேண்டும். உங்களுடையது 100 ஓமுக்கு மேல் போகும். ஆனால் நீளம் 1 சென்டிமீட்டர்தான். நான் கணக்குப் போட்டதில் அதனால் போவது சுமார் அரை டெசிபெல். மீதியை கிரவுண்டில் தேடுங்கள். மேட்சிங்குக்கு அடியில் வேறு டிராக் குறுக்கே ஓடி கிரவுண்ட் பிளந்திருக்கிறதா? கெப்பாசிட்டர்களின் கிரவுண்ட் முனைக்குப் பக்கத்திலேயே, போர்டின் இரு பக்கத்தையும் இணைக்கும் வயா துளைகள் இரண்டு மூன்று இருக்கிறதா?

கே: புது ஆன்டெனா மாட்டியதும் எல்லாம் போய்விட்டது.

ப: கனெக்டருக்குள் எட்டிப் பாருங்கள். ஒன்று எஸ்எம்ஏ, மற்றது ரிவர்ஸ் எஸ்எம்ஏ என்றால் திருகு நன்றாகவே ஏறும். நடுவில் பின் இருக்காது.

கே: கானாடுகாத்தானில் அப்பத்தா தனியாக இருக்கிறார்கள். அடுப்படியில் பட்டனை அழுத்தினால் முகப்பின் மூலையில் மணி அடிக்கச் செய்திருக்கிறேன். கனெக்டரில் 14 டிபிஎம் சரியாக வருகிறது, ஆனால் மணி சில சமயம் அடிப்பதில்லை.

ப: உங்கள் போர்டில் குறை இல்லை, அதைப் பிரிக்க வேண்டாம். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடு, நடுவில் தடித்த சுவர்கள். ரிசீவரை முகப்பின் மூலையிலிருந்து எடுத்து, வளவின் திறந்த வாசலை (நடு முற்றத்தை) பார்க்கிற மாதிரி மரத்தூணில் மாட்டுங்கள். இரும்புக் கிராதிக்குப் பக்கத்தில் வேண்டாம். 866 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைக் கம்பி 8.6 சென்டிமீட்டர், கீழே நல்ல கிரவுண்ட் பரப்பும் வேண்டும். பட்டன் பெட்டி உலோகமாக இருந்தால் பிளாஸ்டிக்குக்கு மாற்றுங்கள். அதைவிட முக்கியம், மணி அடித்ததற்கு முகப்பிலிருந்து பதில் பாக்கெட் வரட்டும். வராவிட்டால் பட்டன் தானே திரும்ப அனுப்பட்டும். அப்பத்தா கூப்பிடும் மணியை ஒரே பாக்கெட்டை நம்பி விடக்கூடாது.

கே: கோட்டையூர்த் தோப்பில் மோட்டாரை இயக்க, 20 டிபிஎம் சிப்போடு 2 வாட் ஆம்ப்ளிஃபையர் சேர்க்கலாமா?

ப: கூடாது. 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2021 விதிகள் அனுமதிப்பது டிரான்ஸ்மிட்டரில் 1 வாட், ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட், அலை அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். உங்கள் சிப்பின் 20 டிபிஎம் என்பது 100 மில்லிவாட். தோப்புக்கு அதுவே தாராளம். இரண்டு ஆன்டெனாவையும் மட்டைகளுக்கு மேலே ஏற்றிவிட்டு, பிறகு சொல்லுங்கள்.