கிளியைச் சேர்த்தது யார்?

கேள்வி: என் மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் 5ஆம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகக் கதை எழுதுவாள். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சிறுகதைப் போட்டி ஒன்றுக்கு அவள் எழுதியதைக் கொஞ்சம் திருத்தி, நானே டைப் செய்து அனுப்பினேன். கவரைத் தபாலில் சேர்த்தது என் கணவர். ஒரு பாட்டியின் தட்டு ஜன்னல் திட்டில் தனியாக இருக்கும் என்று ஏதோ எழுதியிருந்தாள். அது கதைக்குத் தேவைப்படவில்லை, எடுத்துவிட்டேன். பதிலாக ஒரு பேசும் கிளியையும் கடைசியில் ஒரு நீதியையும் சேர்த்தேன். ஆறுதல் பரிசுகூட வரவில்லை. அன்றிலிருந்து பேனாவையே தொடமாட்டேன் என்கிறாள். கூட உட்கார்ந்து எழுத வைக்க எனக்கு நேரமில்லை. மாமியாருக்குக் கை நடுக்கம் வேறு, அவரைச் சீக்கிரமே சாப்பிட வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஆன்லைனில் கதை எழுதும் பயிற்சிக்கு ஆறு வாரத்துக்கு 3,500 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? இந்தத் தோல்வியிலிருந்து அவளை எப்படி மீட்பது? இரண்டு பிரதிகளையும் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் மகள் எங்கே தோற்றாள்? அவள் கதை போட்டிக்கே போகவில்லையே. போனது உங்கள் கதை, தோற்றதும் நீங்கள்தான். அவள் பெயரைப் போட்டு, 'இது என் குழந்தையின் சொந்தப் படைப்பு' என்ற உறுதிமொழியின் கீழ் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். அந்தத் தாளையும் இணைத்திருப்பதால் சொல்கிறேன். பத்து வயதுப் பெண், அம்மா பொய்க் கையெழுத்துப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பேனாவைத் தொடாததற்கு அதுவே போதும். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்தத் தட்டுக்கு வருகிறேன். அவள் கைப்பட எழுதிய பிரதியில் இப்படி இருக்கிறது: "அப்பத்தா தட்டு ஜன்னல் திட்டுலதான் இருக்கும். மத்த தட்டோட சேராது. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா அத எடுத்தா அப்பத்தாவுக்குப் பசிக்கணும். நாங்க எட்டு மணிக்குச் சாப்பிடும்போது அப்பத்தா கட்டில்ல இருந்து இன்னைக்கு என்ன குழம்புன்னு கேப்பாங்க."

'பசிக்கணும்' என்று எழுதியிருக்கிறாளே, அதை எத்தனை முறை படித்தீர்கள்? நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு பெரிய மனுஷிக்கு எப்போது பசிக்க வேண்டும் என்பதை அந்த வீட்டில் யார் தீர்மானிக்கிறார்கள் என்பது அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. அப்புறம் அந்தக் குழம்புக் கேள்வி. இரண்டு மணி நேரம் முன்னால் தான் சாப்பிட்டது என்ன குழம்பு என்று அப்பத்தாவுக்குத் தெரியவில்லையா? அல்லது அவருக்குக் கிடைத்தது வேறு ஏதாவதா? அல்லது பேச்சுக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகக் கேட்கிறாரா? உங்கள் மகள் எதையும் விளக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். பெரிய எழுத்தாளர்கள் பலருக்கே வராத அடக்கம் அது.

தாத்தாவின் மண்சட்டியைப் பேரன் எடுத்துப் பத்திரப்படுத்திய கதை நம் எல்லோருக்கும் தெரியும். இவள் அதைத்தான் காப்பியடித்திருக்கிறாள் என்று நீங்கள் சொல்லக்கூடும். இல்லை. அந்தக் கதையில் பேரன் பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவான். இவள் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. தட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அதைத்தான் உங்களால் தாங்க முடியவில்லை.

கதைக்குத் தேவைப்படாததால் எடுத்தேன் என்று இன்னொரு முறை சொல்லாதீர்கள். கதையே அதுதான். ஊரார் படித்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று பயந்து எடுத்தீர்கள். பயந்ததைக்கூட நான் புரிந்துகொள்வேன். ஆனால் பயந்த பிறகு தட்டை அடுப்படிக்குள் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். நீங்கள் தட்டை அங்கேயே விட்டுவிட்டு வரியை மட்டும் அழித்தீர்கள். கண்ணால் பார்த்ததை எழுதினால் அம்மாவே அழிப்பாள் என்று அவள் தெரிந்துகொண்டாள். இனி எதை எழுதச் சொல்கிறீர்கள்? கிளியைப் பற்றியா?

கிளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட போட்டிகளுக்கு நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். கட்டுக் கட்டாக வரும் கதைகளில் பேசும் கிளி, பேசும் மரம், 'இயற்கை எழில் கொஞ்சும் கிராமம்', கடைசிப் பத்தியில் 'இதிலிருந்து நாம் அறிவது'. முதல் பக்கத்திலேயே அம்மாவின் கை தெரிந்துவிடும். பத்து வயதுப் பிள்ளை 'ஆகவே' என்று வாக்கியம் தொடங்காது. பிள்ளைகள் எழுதும் கதையில் ஒற்றுப்பிழை இருக்கும், நடுவில் ஒரு நாய் காரணமில்லாமல் வந்துவிட்டுப் போகும். அதையெல்லாம் பொருட்படுத்தாமல்தான் படிக்கிறோம். இங்கிலாந்தில் பிபிசி 2011இல் தொடங்கிய '500 சொற்கள்' போட்டியில் எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம் மூன்றுக்கும் மதிப்பெண் கிடையாது என்று விதியிலேயே சொல்லிவிட்டார்கள். கதை பிள்ளையுடையதாக இருந்தால் போதும்.

பயிற்சி வகுப்பு வேண்டாம். தொடக்கம், முடிச்சு, திருப்பம், நீதி என்று ஒரு அச்சைக் கொடுப்பார்கள். அந்த அச்சு உங்களிடமே இருக்கிறது, அதில் வார்த்துத்தான் கிளி வந்தது.

அவளை எழுத வைப்பது எப்படி என்று கேட்டால், கொஞ்ச நாள் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று சிலர் மூக்கில் விரல் வைப்பார்கள், வைக்கட்டும். சுருக்கமாக, 'உன் கதையை நான் மாற்றியது தப்பு' என்று சொன்னால் போதும். 'உன் நல்லதுக்குத்தான்' என்று பின்னால் ஒட்டு போடக் கூடாது. அவள் எழுதிய பிரதியை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

பிறகு அவளாக எழுதினால், அவள் கையெழுத்திலேயே போகட்டும். தலைப்பு, முடிவு, பிழை எல்லாம் அவளுடையது. உறையில் பின்கோடு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது உங்களுடையது. போட்டிதான் வழி என்றும் இல்லை. அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்கிறீர்கள். பள்ளிக் கல்வித் துறையே 2022இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9 வரை 'தேன்சிட்டு' என்று இதழ்கள் கொண்டுவந்து, மாணவர்கள் எழுதுவதையும் வரைவதையும் அதில் போட ஆரம்பித்தது. அவள் விரும்பினால் வகுப்பு ஆசிரியரிடம் அவளே கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் முந்திக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

ஆனால் இதையெல்லாம் செய்துவிட்டு அந்தத் தட்டு ஜன்னல் திட்டிலேயே இருந்தால் ஒரு பயனும் இல்லை. கை நடுங்கினால் சாதம் சிந்தத்தான் செய்யும். சிந்தட்டும். விளிம்பு உயர்ந்த குழித்தட்டு ஒன்று வாங்குங்கள், மடியில் ஒரு துண்டைப் போடுங்கள், எட்டு மணிக்கு எல்லோரோடும் உட்கார வையுங்கள். நேரமில்லை என்கிறீர்கள். ஒரு வீட்டில் இரண்டு பந்தி போடுவதற்கு இருக்கும் நேரம் ஒரு பந்திக்கு இல்லாமலா போகும்? பெரியவர்களைத் தனியாகச் சாப்பிட வைக்கும் வழக்கத்தை, அதற்கு எந்தக் காரணம் சொன்னாலும், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதில் உங்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. முழுக் கடிதத்திலும் உங்கள் கணவர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறார், கவரைத் தபாலில் சேர்த்தவராக. ஜன்னல் திட்டில் இருப்பது அவரைப் பெற்றவளின் தட்டு. எட்டு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது கட்டிலிலிருந்து வரும் குரல் அவர் காதில் மட்டும் எப்படி விழாமல் போகிறது? இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அந்த 3,500 ரூபாயை அவர் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் லீவு போட்டு, அம்மாவை நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போகட்டும். எல்லா நடுக்கமும் வயதால் வருவதல்ல. மாத்திரையில் குறைகிற நடுக்கமும் உண்டு. இதுவரை சாப்பிட்டுவரும் மருந்துகளின் சீட்டுகளை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். சில மருந்துகளாலேயே கை நடுங்கும்.