அம்மாவுக்கும் கால் உண்டு

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பண்டிகைக் கால விற்பனைக்காக ஒரு துணிக்கடையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. காலை வகுப்பு முடிந்து ஒரு மணிக்குப் போனால், கடை சாத்த இரவு பத்தரை. வாடிக்கையாளர்கள் திட்டுகிறார்கள், சூப்பர்வைசர் அதற்கு மேல். உட்காரவே விடுவதில்லை, கால் வீங்கிவிடுகிறது. அம்மா வேலைவிட்டு வந்து, நான் வரும்வரை விழித்திருந்து கால் பிடித்துவிடுகிறார். புது செல்போன் வாங்கத்தான் இந்த வேலை. வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாது, பாருங்கள். அடுத்த மாதம் செமஸ்டர். வேலையை விட்டுவிடவா, பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: தம்பி, நீ எழுதியது மூன்று பக்கம். வாடிக்கையாளருக்கு ஒன்றரைப் பக்கம், சூப்பர்வைசருக்கு ஒரு பக்கம். அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

"வேலைவிட்டு வந்து" என்கிறாய். என்ன வேலை? நின்றுகொண்டே செய்யும் வேலையா? எத்தனை மணிக்கு வருகிறார், காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார்? சூப்பர்வைசர் விசில் அடித்துக் கூப்பிடுவதைக்கூட எழுதிய உனக்கு, இதை எழுதத் தோன்றவில்லை. பகலெல்லாம் உழைத்த பெண் இரவு பதினொரு மணிக்குத் தரையில் உட்கார்ந்து, பத்தொன்பது வயதுப் பையனின் காலைப் பிடித்துவிடுகிறார். நீயும் நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாய். இதற்குப் பெயர்தான் பாரமாக இல்லாமல் இருப்பதா? செல்போன் காசை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டு, அவருடைய தூக்கத்தை எடுத்துக்கொண்டாய். காசு கணக்கில் தெரிகிறது, தூக்கம் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. படிக்கிற காலத்தில் நானும் துணிக்கடையில் நின்றவள். ஷட்டர் பாதி இறங்கிய பிறகுதான் உண்மையான வேலையே தொடங்கும். டிரையல் ரூமிலிருந்து அள்ளிவந்த சட்டைகள் மேஜையில் மலையாகக் கிடக்கும். ஒவ்வொன்றையும் உதறி, காலர் பட்டனைப் போட்டு, கைகளை முதுகுப் பக்கம் மடித்து, சைஸ் பார்த்து அடுக்க வேண்டும். கடைசிச் சட்டையை மடிக்கும்போது செருப்பின் வார் காலில் பதிந்திருக்கும். அந்த வலி எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் வருகிறது.

கால் ஏன் வீங்குகிறது என்று தெரிந்துகொள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை நடக்காமல் ரத்தம் கீழேயே தேங்குகிறது. அதனால் கவுன்ட்டரில் நிற்கும்போது அடிக்கடி குதிகாலைத் தூக்கி இறக்கு. வீட்டுக்கு வந்ததும் மல்லாந்து படுத்து, காலைத் தலையணைகள் மேல் நெஞ்சைவிட உயரமாக வைத்து, பதினைந்து நிமிடம் இரு. இதற்கு யார் கையும் வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, காலையிலும் வீக்கம் வடியாவிட்டாலோ டாக்டரிடம் போ.

உட்கார விடுவதில்லை என்கிறாயே, நீ கேட்டாயா? கடை ஊழியர்களுக்குப் போதிய இருக்கை தர வேண்டும், அதில் உட்காரவும் வாய்ப்புத் தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையே சொல்கிறது. வேலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1930லேயே இன்னொன்று போட்டார்கள். நெரிசல் நாட்களில் கூடுதல் நேரம் வேலை வாங்கலாம். அதற்குச் சம்பளம் ஒன்றேகால் மடங்குக்குக் குறையக் கூடாது என்பதும் அதில் உண்டு. எல்லா நாடும் இவற்றை ஏற்கவில்லை. உன் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரி. சீனியர் ஊழியர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு சூப்பர்வைசரிடம் பேசு. முகத்துக்கு நேரே கேட்க வேண்டியதைக் கேட்காமல், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முனகுகிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்காது.

விடுவதா, இருப்பதா என்கிறாய். கடை நெரிசலில் இருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதே. உன் பங்கும் பக்கத்துக் கவுன்ட்டர் பெண்ணின் தலையில்தான் விழும். தேர்வுக்குப் பத்து நாள் முன்பு நின்றுவிடுவேன் என்று இன்றே தேதி சொல்லி எழுதிக் கொடு. அதுவரை வாரத்தில் மூன்று நாளாவது எட்டு மணிக்கு விடச் சொல். சம்பளம் குறையும், குறையட்டும். படித்தது மனதில் தங்கத் தூக்கம் வேண்டும். செல்போன் அடுத்த விடுமுறைக்கு வாங்கலாம், செமஸ்டர் காத்திருக்காது.

வீட்டில் சம்பாதிக்கிறவன் ஆகிவிட்டால் முதல் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறவள் நான். பழைய காலத்து எண்ணம் என்பார்கள், இருக்கட்டும். அவர் அதைத் திருப்பி உன்னிடமே தருவார், செல்போனும் வாங்கிக்கொள்ளச் சொல்வார். ஆனாலும் கொடு.

இன்றிரவு சாவி வாங்கிக்கொண்டு போ. அவரைப் படுக்கச் சொல். ஒரு வாரம் கழித்து எனக்கு இன்னொரு கடிதம் எழுது. சூப்பர்வைசரைப் பற்றி வேண்டாம். அம்மா என்ன வேலை பார்க்கிறார், எத்தனை மணி நேரம் நிற்கிறார், அவருக்கு எந்தக் கால் அதிகம் வலிக்கிறது என்று கேட்டு எழுது.